பெரட்டில் விழுந்த மாலை

நமுனுகுல, மேற்பிரிவு
3-2-1911

அன்புள்ள மாமாவுக்கு, தர்மலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மழையும் நலம். தோட்டத்து ஆட்களுக்குக் கம்பளி கொடுக்கும் ஆர்டரைத் துரையிடம் பேசி நம் கடைக்கு வாங்கித் தந்தவர் பெரிய கங்காணி கணபதி. கம்பளி வந்தது, ஆட்கள் போர்த்தினார்கள், குளிரே போய்விட்டது. நீங்கள் மட்டும் வரவில்லை. நேற்று அவர், "ஒங்க மாமா சௌக்கியமா இருக்காரா, இல்ல காலமாயிட்டாரா?" என்று கேட்டார். வெற்றிலைத் தட்டோடு ஒருமுறை வந்து போங்கள். அடுத்த வருஷக் கம்பளியும் அவர் வாயில்தான் இருக்கிறது.

தர்மலிங்கம்

பதுளை, கடைவீதி
9-2-1911

சிரஞ்சீவி தர்மலிங்கத்துக்கு, ஊவா மாகாணத்தையே போர்த்திய மாமா ராமாமிர்தத்தின் ஆசீர்வாதம்.

நான் காலமாகவில்லை என்று கங்காணியாரிடம் சொல். நன்றி மறந்தவனா நான்? அவர் பெயரைச் சொன்னால்தான் என் கடைப் பூட்டே திறக்கிறது! வெற்றிலைத் தட்டாம், தட்டு! மொனராகலை யானைகள் ஒதுங்கி வழிவிட, மேளத்தோடு வருகிறேன். மாலை கட்டியாகிறது, ஒரு நுனி என் கடையில், மறு நுனி பாதி வழியில், ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில். அங்கே எல்லாரும் ஒன்றாக நிற்பது பெரட்டு நேரந்தானே?

உன் மாமா

நமுனுகுல
22-2-1911

மாமா,

நீங்கள் வந்து போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில், துரை பார்த்துக்கொண்டிருக்க, கங்காணி கழுத்தில் மாலை போடலாமா? துரைக்கு ஒரு இதழ்கூட இல்லை! மேளத்துக்கு மிரண்டு அவர் குதிரை தேயிலைக்குள் ஓடியதையாவது மன்னிக்கலாம். "இந்தத் தோட்டத்துக்குத் தொரை நானா, நீயா?" என்று அவர் கங்காணியைக் கேட்டாரே! பாவம், மனுஷன் மாலையைக் கழற்றப் போனால், "இருக்கட்டுங்க, இன்னொண்ணும் இருக்கு" என்று அதையும் போட்டீர்கள். கொழுந்து பறிக்கிற கருப்பம்மா சிரித்த சிரிப்பு இன்னும் மலைச்சரிவில் உருள்கிறது.

இன்று கங்காணி கூப்பிட்டனுப்பினார். ஆர்டர் போயிற்று என்றுதான் நினைத்தேன். "தம்பி, கம்பளி ஒங்க மாமாவுக்குத்தான். தொரைகிட்ட சொல்லிட்டேன். ஆனா நன்றி சொல்றேன்னு அவரு மறுபடி மலையேற வேணாம். எனக்குப் பொழப்பு நிக்கணும்" என்றார். அவர் வீட்டு நிலையில் அந்த இரண்டு மாலையும் காய்ந்து தொங்கின.

தயவுசெய்து வராதீர்கள்.

தர்மலிங்கம்

பதுளை
27-2-1911

அருமை மருமகனே,

ஆர்டரும் கொடுத்து, மலையேறும் சிரமத்தையும் தவிர்த்த மகான் வேறெங்கே உண்டு? உன் கடிதம் படித்து நான் அழுத அழுகையில் பதுளை ஓயா கரை தாண்டிவிட்டது. அவர் சொல்லை மீறுவேனா? என் காலடி நமுனுகுலப் பக்கமே படாது.

வெள்ளிக்கிழமை பெரட்டுக்கு மேளக்காரர்கள் மட்டும் வருகிறார்கள். இந்த முறை துரைக்கும் மாலை உண்டு. குதிரைக்கும்.

இப்படிக்கு,
இருந்த இடத்தை விட்டு அசையாத
மாமா