பக்கத்து வீடு இல்லாத ஏரிக்கரை

12 ஏப்ரல் 2025, சனி

ரமீஸ் இன்று ஸ்காட்லாந்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார். ஜூன் பதினான்கு. நேற்று என் வாயில் விழுந்த அறைக்கு அதுதான் மருந்து. உதடு கிழிந்து கஞ்சிகூட உள்ளே போகவில்லை. மனுஷன் போனை நீட்டி, "பாரு அனம், நீ ஆசைப்பட்ட லேக்" என்கிறார். ஆமாம், ஆசைப்பட்டேன்தான். கல்யாணமான புதிதில், மலையும் தண்ணீருமாக ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னது.

13 ஏப்ரல்

எதற்கு அறைந்தார் என்று எழுத மறந்துவிட்டேன். மீன் ஆணத்தில் உப்பு கூடிப்போச்சு. அவ்வளவுதான்.

27 ஏப்ரல், ஞாயிறு

தங்கச்சி ஃபர்சானாவோடு போனில் நேரம் போனது தெரியாமல் பேசிவிட்டேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். மறுபடியும். மறுபடியும். பக்கத்து வீட்டுக் கமலம் அக்கா வெளியே இரும்புக் கேட்டை உலுக்கினார். "அனம், வெங்காயம் இருக்கா?" அக்காவுக்கு வெங்காயம் வேண்டியதில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்கிறார். எவ்வளவு மரியாதை! பாவி.

மாலையில் ஹோட்டலை கேன்சல் செய்துவிட்டு, ஏரிக்கரையில் தனி வீடே எடுத்துவிட்டார். நெற்றி வீங்கினால் வீடு. கை ஒடிந்தால் படகு கிடைக்குமோ என்னவோ.

9 மே

கை ஒடியவில்லை, மணிக்கட்டு பிசகியதோடு சரி. படகும் புக் ஆகிவிட்டது.

10 மே

மாமியிடம், அதான் இவரைப் பெற்றவரிடம், சொல்லி அழுதேன். "ஆம்பளைக் கோவம்மா. இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போறானே, வேற எவன் செய்வான்?" கையிலிருந்த தேத்தண்ணியை அவர் முகத்தில் ஊற்ற வேண்டும் போலிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

18 மே, ஞாயிறு

சிராங்கூன் ரோட்டில் குளிர் கோட்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மேப்பைத் திறந்து காட்டினார். "சுத்தி ஒரு வீடு கிடையாது, பாரு. பக்கத்து வீட்டுக்கே நாலு மைலு." சுவரைக் காட்டிச் சிரித்தார், கமலம் அக்கா வீட்டுப் பக்கத்துச் சுவர். "அங்க எவளும் வெங்காயம் கேட்டு வரமாட்டா லா."

அழகான இடம்தான், பொய் சொல்லக்கூடாது. மலை, தண்ணீர், ஒரே ஒரு வீடு. அதற்குள் நானும் இவரும், பத்து நாள். கத்தினால் யாருக்குக் கேட்கும்? யா அல்லாஹ் — போனால் நான் திரும்பி வரமாட்டேன்.

24 மே, சனி

"நான் வரலைங்க" என்றேன்.

எழுந்து கதவைச் சாத்தப் போனார். எப்போதும் முதலில் அதுதான். இன்று நான் முந்திக்கொண்டேன். நிலைப்படியில் குறுக்கே நின்றேன். இடுப்பில் உதைத்தார். விழுந்தும் கதவை விடவில்லை. வயிற்றில், முதுகில், காதோடு சேர்த்து ஒன்று. இத்தனை வருஷம் சத்தம் வெளியே போகக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அடி வாங்கிய முட்டாள் நான். இன்று கத்தினேன். "கொல்றான்! கமலம் அக்கா, கொல்றான்!" அடுக்குமாடி புளோக் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே! இழுத்த கையைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம், என்னுடையதா அவருடையதா தெரியவில்லை. அக்கா இந்த முறை எதுவும் கேட்கவில்லை. போனில் போலீசிடம் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

5 ஜூன்

கோர்ட் உத்தரவு கிடைத்துவிட்டது. என்மேல் கை வைக்கக்கூடாது, இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. ரமீஸ் இப்போது மாமி வீட்டில் இருக்கிறார். விலாவில் இன்னும் வலி.

14 ஜூன், சனி

ரமீஸ் விமானம் ஏறினாரா, தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

நானும் கமலம் அக்காவும் மார்சிலிங் வீட்டிலிருந்து பஸ் பிடித்து உட்லண்ட்ஸ் கடலோரத்துக்குப் போனோம். எதிர்க்கரையில் ஜோகூர். சனிக்கிழமை என்பதால் ஒரே கூட்டம். தூண்டில் சிக்கிக்கொண்டதற்கு இரண்டு பேர் சண்டை. ஐஸ்கிரீமுக்கு ஒரு பிள்ளை தரையில் புரண்டு அலறல். எவனோ ஸ்பீக்கரில் பாட்டு வேறு.

"என்ன சத்தம் லா இது! வேற எங்கயாச்சும் அமைதியா போலாமா?" என்றார் அக்கா.

"வேணாம்கா. இங்கயே இருப்போம்."