ஓணானுக்காக ஒரு சித்திரை

அக்டோபர் 13, 1983. வியாழன்

காலையில் தூறல். பிறகு ஒரே புழுக்கம். பாலக்கரையிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போனேன்.

செய்ய வேண்டியவை: ஓணான் கூண்டுக்குப் புது மண். ஸ்லைடு கழுவ டெவலப்பர் கலக்க வேண்டும். மாமிக்கு இருமல் மருந்து. அவர்கள் மகன், என் மச்சானுக்குப் பதில்.

மச்சான் மஸ்கட்டிலிருந்து எழுதியிருக்கிறார். விசா வந்துவிட்டதாம், வீடும் பார்த்தாயிற்றாம், ஜனவரியில் வா என்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம். சேர்ந்து இருந்தது அவர் லீவில் வந்த நாட்கள்தான். படித்துவிட்டு லேபில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் தீசிஸ் கொடுத்துவிட்டால் போகலாம். அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும்.

எல்லாம் ஃப்ரிட்ஜில் இருக்கும் இரண்டு கறுப்புப் பெட்டிகளின் கையில். உள்ளே ஸ்லைடுகள். ஓணான் விந்தகத்தின் சீவல், மேலே ஃபிலிம் மாதிரி வெளிச்சம் ஆகாத பூச்சு. ஓணானுக்கு ஊசியில் ஏற்றிய கதிரியக்கப் பொருள் தங்கிய இடத்தில் கரும்புள்ளி விழும். ‘யூ’ பெட்டி (யூரிடின்), செல் புதிதாகத் தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்யச் சொல்லும் செய்தி, எழுதுகிறதா என்று காட்டும். ‘ஏ’ பெட்டி (அமினோ அமிலம்), புரதம் செய்கிறதா என்று. விந்தணு நீண்டு வால் விடும் நேரத்தில் யூ-வில் புள்ளி இருக்கக் கூடாது, ஏ-யில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், செய்தி எப்போதோ எழுதியாகிவிட்டது, செல் அதை வாசிக்காமல் பத்திரமாக வைத்திருந்து இப்போதுதான் வாசிக்கிறது என்று அர்த்தம். இரண்டு பெட்டியும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

மாமி: “நாலு வருசமா ஓணானைப் போட்டு என்னதான் பார்க்கிறே?” “அதுக்கு எப்படிக் குஞ்சு உண்டாகுதுன்னு மாமி.” “அது சொல்லிக்கொடுத்தா உண்டாகுது?”

அக். 17. திங்கள்

ஆயுத பூஜை லீவு முடிந்து போனால் லேபெல்லாம் பொரிகடலை வாசனை. மைக்ராஸ்கோப்பில் சந்தனம், தராசில் சந்தனம். ஃப்ரிட்ஜைத் திறந்தால் என் இரண்டு பெட்டியிலும் பொட்டு. ஒட்டியிருந்த கறுப்பு டேப் இரண்டிலும் கோணல்.

அட்டெண்டர் மாரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

“தொறந்தீங்களா?”

“ஒண்ணைத்தாம்மா. வெளிய மட்டும் பொட்டு வெச்சா எப்படி? உள்ள இருக்கிறதுதானே உங்க ஆயுதம்? கண்ணாடிக்கெல்லாம் ஓரத்துல கொஞ்சூண்டு குங்குமம் தொட்டு வெச்சேன். சீக்கிரம் பாஸாகணும்னு.”

“எந்தப் பெட்டி?”

“ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு…”

ட்யூப்லைட் வெளிச்சத்தில்! கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப்போய்விட்டது. மத்தியானம் சாப்பிடவில்லை.

அக். 19. புதன்

இருட்டறை. சிவப்பு விளக்கில் குங்குமம் தெரியவே இல்லை. கழுவி வெளியே கொண்டுவந்து பார்த்தால்தான் தெரியும்.

ஏ: சுத்தம். விந்தணுக்களின் நீண்ட தலைகளின் மேல் கரும்புள்ளிகள், மிளகு தூவியது போல. அழகு.

யூ: மொத்தமும் கறுப்பு. சீவலே இல்லாத இடத்திலும் கறுப்பு. ஓரத்தில் குங்குமம்.

அண்ணன் டீ வாங்கி வந்து மேஜையில் வைத்தார். “போங்கண்ணே, பரவாயில்லை” என்றேன். பரவாயில்லையாவது ஒன்றாவது.

அக். 20. வியாழன்

ஸ்ரீரங்கம், ஸார் வீடு. பஸ்ஸில் நின்றுகொண்டே. காவிரியில் நல்ல தண்ணீர்.

கைடு ஸாருக்கு மார்ச்சில் ஓய்வு. ஸ்லைடைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். “யூரிடின் வேலையை சுண்டெலியில ஏற்கெனவே பண்ணியிருக்கா. அதை மேற்கோள் காட்டி எழுதிடும்மா. யாரும் கேக்க மாட்டா. உங்காத்துக்காரர் அங்கே காத்துண்டிருக்கார்.”

“அது சுண்டெலி ஸார். இது ஓணான்.”

“தெரியறது. ஆனா இனிமே சித்திரையிலதானே ஓணானுக்கு விந்தகம் வளரும்? அப்போ நான் இருக்க மாட்டேனே.”

ஐப்பசியில் அது சுருங்கிப்போகும். ஸார் சொன்னது சரி. ஸார் வீட்டு மாமி காபி கொடுத்தார்கள். குடித்தேன், ருசி தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கோபம். அண்ணன் மேல் இல்லை, ஸார் மேலும் இல்லை. ‘எழுதிவிடலாமே’ என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது, அதன் மேல்தான்.

அக். 21. வெள்ளி

லேசான மழை. ஜும்ஆ முடிந்து மச்சான் போன், வீட்டுக்குக் கீழே பாத்திரக்கடையில். கடைக்காரர் நாசூக்காக வெளியே போய்விட்டார்.

“ஜனவரில வர முடியாது மச்சான்.”

“ஏன், அம்மாவுக்கு முடியலையா?”

“அவங்க நல்லா இருக்காங்க. ஸ்லைடு ஒரு பெட்டி பாழாப்போச்சு. சித்திரையில ஓணான் கிடைச்சாத்தான் திரும்பச் செய்யலாம்.”

லைனில் ஒரே இரைச்சல். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

“அப்ப ஓணானுக்காக நான் காத்திருக்கணும்?”

“எனக்காக.”

“உங்க ஸாரு என்ன சொல்றாரு?”

“அது இல்லாமலே எழுதிடலாங்கிறாரு. நான் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதின மாதிரி ஆயிடும் மச்சான்.”

போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

“கோவமா?”

“கோவந்தான்.” பிறகு மெதுவாக, “சரி. செஞ்சிட்டே வா. அம்மாகிட்ட மட்டும் நீயே சொல்லிடு, என்னால ஆகாது.”

கட்டாகிவிட்டது. ரிசீவரை வைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மேலே வந்தால் மாமி புது சூட்கேஸைத் திறந்துவைத்து, என் புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் பழைய வேட்டித் துணி. கிழித்து, துவைத்து, பச்சைப் பிள்ளைக்கென்று சின்னச் சின்னதாக மடித்தது. “அங்க இதெல்லாம் கிடைக்காது புள்ளே. ஒருவேளை தேவைப்பட்டா” என்றார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.