எட்டு மணி மாத்திரை

அன்பு மகள் பட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அம்மா எனக்குக் கொடுத்த கிட்னி, ஆக மூன்று பேரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், நான் தும்முவதற்குக்கூட அவளிடம் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் ஆனதிலிருந்து வீடு பஸ் டிப்போ மாதிரி, அவள்தான் டைம் கீப்பர். காலை எட்டு, இரவு எட்டு, உடம்பு புதுக் கிட்னியை வெளியே தள்ளாமல் இருக்கப் போடுகிற மாத்திரை. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். இனிமே இதயத்தையும் பிரஷரையும் பத்திரமா பார்த்துக்கணும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உப்பு டப்பா பீரோவுக்குள் போய்விட்டது. சாயங்காலம் நடக்கப் போனால் மொட்டைமாடியிலிருந்து சுற்றுகளை எண்ணுகிறாள். காலையில் தன் கிட்னி இருக்கிற என் வயிற்றைப் பார்த்துத்தான், என்னடா கண்ணு தூங்கினியா என்று கேட்கிறாள், என்னைக் கேட்பதில்லை.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் அந்தக் காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும், முன்னால் போட்டால் மருந்தின் அளவு கூடுதலாகக் காட்டும். பதினோரு நாளைக்கு முன்பு ரத்தம் எடுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கிறேன், அம்மா பில் கட்டப் போயிருந்தாள். செல்போன் மணி அடித்தது, கை தானாகப் பைக்குள் போனது, விழுங்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஊசி போடுகிற பெண், மாத்திரை போட்டுட்டீங்களா என்று கேட்கிறாள், சரியாக அந்த நேரம் அம்மா வந்து நிற்கிறாள், இல்லையே என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் எடுக்காதவனை முழியை வைத்தே இருபத்தெட்டு வருஷம் பிடித்த கண்டக்டர் நான், அன்றைக்கு நானே ஓசிப் பயணி. அளவு கூடுதல் என்று டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் கிட்னி இவருக்கு ஒட்டிக்கிச்சு, பாதி மாத்திரையே போதுமாம் என்று மாடிவீட்டுக்காரியிலிருந்து உன் அத்தை வரைக்கும் சொல்லிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வாய் திறப்பேன் சொல்.

நான்கு நாளாகப் பிரஷர் ஏறுகிறது, கால் லேசாக வீங்குகிறது, பாதி மாத்திரை கிட்னிக்குப் பத்தவில்லை போலிருக்கிறது. திருட்டுத்தனமா சிப்ஸ் தின்னீங்களா என்று அம்மா குடைந்தாள், ஆமாம் என்றேன். செய்த தப்பை மறைக்கச் செய்யாத தப்பை ஒப்புக்கொண்ட ஒரே ஆள் உன் அப்பனாகத்தான் இருப்பான். இன்று அவள் குளிக்கப் போன நேரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய் சொல்ல உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா சார் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். நீங்களா மாத்திரையைக் கூட்டிடாதீங்க, ராத்திரி மாத்திரை போட்டுட்டு, காலையில போடாம மறுபடி ரத்தம் கொடுக்க நேரா வாங்க என்றார்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அம்மா தண்ணீரோடு நிற்பாள். விழுங்கினால் இந்தப் பரிசோதனையும் பாழ். விழுங்காவிட்டால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். திட்டினால் வாங்கிக்கொள்வேன், பஸ்ஸில் வாங்காத திட்டா. பேசாமல் தன் இடுப்புத் தழும்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிடுவேன், அவள் கொடுத்த பொருளை அவளிடமே மறைத்துக் கெடுக்க எனக்கு உரிமை கிடையாது.

குழந்தைக்கு மருந்து கொடுப்பதில் எப்போதாவது தவறினால் டாக்டரிடம் மறைக்காதே, அப்பன் புத்தி உனக்கு வேண்டாம். நோய்நொடி அண்டாமல் மூவரும் நீடூழி வாழுங்கள். இது கையில் கிடைத்ததும் என்னைக் கூப்பிடாதே, அம்மாவைக் கூப்பிடு. எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம், அவள் என்ன சொன்னாலும் ஆமாம் போடு, அழுதால் அழவிடு.

இப்படிக்கு,
நாளைக் காலை எட்டு மணி வரைக்கும் அவளுக்கு நல்லவனான
உன் அப்பா