வண்டியில் இப்போது பாட்டு வருகிறது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், ஆபரேஷன் செய்த வலது கண் நலம், வண்டியும் நலம். நீ, மருமகள், சின்னக்குட்டி மூன்று பேரும் நலம்தானே. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் நலம் விசாரிக்காமல் கடிதம் ஆரம்பிக்க எனக்கு வராது. ஒரு மாதத்துக்கு மேலாக நான் உன் போனை எடுக்கவில்லை, "நலம்" என்று ஒற்றை வார்த்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன், ஏன் என்று உனக்கும் தெரியும். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் சத்தம் போடுவேன், கடைசியில் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது, நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. இந்த உறைக்குள் ஒரு படிவம் மடித்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே எடுத்துப் பிரித்துப் பார்க்காதே.

போன தடவை நீ வந்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் தொடங்கியது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டீரியோவைத் தடவித் தடவிப் பார்த்தாய், எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கிறதா, பட்டன் இருக்கிறதா என்று. அதில் இருப்பது கேசட் போடுகிற வாய் ஒன்று, ரேடியோ ஒன்று, அவ்வளவுதான். "போன்ல இருக்கற ஒரு பாட்டக்கூடப் போட முடியல, இதெல்லாம் ஒரு வண்டியாம்மா, இரும்புக் கடைல போட்டுட்டு டாக்சில போங்க" என்றாய். டாக்சியில் போயும் பார்த்தவள் நான். ஆஸ்பத்திரிக்குத் தைத்த திரைச்சீலை நாலு மூட்டை, நர்ஸ் உடுப்பு இரண்டு மூட்டை, இதைப் பார்த்ததும் டாக்சிக்காரர் என்ன சொல்வார் தெரியுமா, "நான் லாரி ஓட்டலம்மா" என்பார். என் வண்டி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. பின் சீட்டில் மூட்டையை அடுக்கி, மேலே நான் தேய்த்து மடித்த உடுப்புகளை வைத்து, கசங்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன், அதனால்தான் இந்த வயதிலும் என் கையில் தையல் வேலை இருக்கிறது. அது உனக்குத் தெரியவில்லை, பாட்டு வராததுதான் தெரிந்தது. சரி, பாட்டுதானே குறை, வரவைத்துக் காட்டுகிறேன் என்று அன்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் விசாரித்தேன். சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் செருகுகிற ஒரு கட்டையைக் கொடுத்தார்கள். போனில் ஓடுகிற பாட்டை அது ரேடியோ அலையாக மாற்றி அனுப்பும், வண்டி ரேடியோவில் ஒரு எண்ணைத் திருப்பி வைத்தால் கேட்கும் என்றார்கள். கேட்டது. கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் கேட்டது. ஆபரேஷன் நடந்த வாரம் திங்கட்கிழமை காலை துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, நம் தெரு முனைச் சலூனுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, எந்தப் பாட்டைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் குடும்பக் குழுவில் உன் குரல் வந்து விழுந்தது. மகன் ஏதோ பேசி அனுப்பியிருக்கிறானே என்று ஆசையாக அழுத்தினேன். உன் தங்கைக்குத் தனியாக அனுப்ப வேண்டியதைக் குழுவில் போட்டுவிட்டாய் மகனே. "அம்மாவுக்கு வெள்ளிக்கிழம கண் ஆபரேஷன். அன்னிக்கே வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லி ஆள் பேசியாச்சு. மாத்துச் சாவி உங்கிட்டதானே இருக்கு, குடுத்துடு. இனிமே அவங்க ஓட்டவே கூடாது. ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் சரியாயிடுவாங்க." வண்டிக்குள் கேட்டதைவிடச் சலூனுக்குள் இன்னும் தெளிவாகக் கேட்டது. சலூன்காரர் ரேடியோவும் அதே எண்ணில் இருந்திருக்கிறது, அந்தக் கட்டை என் ரேடியோ, அவர் ரேடியோ என்று பேதம் பார்க்கவில்லை. முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார், சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார், பெஞ்சில் பேப்பர் படித்தவர் பேப்பரை மடித்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள், உன்னுடையது எட்டு நொடிகூட நிற்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து நீ அதை அழித்தாய். என் போனிலிருந்துதான் அழித்தாய், தெருவிலிருந்து அழிக்க முடியுமா?

எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. வண்டியை எடுக்கப் பார்த்தாய் என்பதைவிட அந்த "ரெண்டு நாள் அழுவாங்க" என்பதுதான் நெஞ்சில் தைத்தது. உன் அப்பா போன பிறகு ஒவ்வொரு காகிதத்திலும் நீ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அழுதுகொண்டே போட்டேன், வண்டியும் அப்படித்தான் உன் பெயருக்குப் போனது. அந்த அழுகையைப் பார்த்துவிட்டு இவள் அழுதால் போதும், எல்லாம் நடந்துவிடும் என்று நீ கணக்குப் போட்டுவிட்டாய் போலிருக்கிறது. நான் அழவில்லை. சலூன்காரர் வெளியே வந்து "அக்கா, தண்ணி குடிக்கறீங்களா" என்று கேட்டார். வேண்டாம், உங்கள் ரேடியோவை வேறு எண்ணுக்குத் திருப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். இனி என் வீட்டுச் சமாசாரம் காற்றில் போக வேண்டாம், கம்பி வழியாகப் போகட்டும் என்று நேரே அதே கடைக்கு வண்டியைத் திருப்பினேன்.

அங்கே கேசட் மாதிரியே ஒன்று தந்தார்கள். உள்ளே நாடா கிடையாது, இரண்டு சக்கரம் மட்டும், வாலில் நீளமாக ஒரு ஒயர். கேசட்டை ஸ்டீரியோ வாயில் தள்ளிவிட்டு ஒயரைப் போனில் செருக வேண்டும். என் போனில்தான் அந்த ஓட்டையே இல்லையே, அதற்குத் தனியாக ஒரு குட்டி வால் வாங்கினேன். எல்லாம் மாட்டினால் ஐந்து நொடி பாட்டு வரும், உடனே டக்கென்று சத்தம் கேட்கும், கேசட் பக்கம் மாறும், மறுபடி டக், மறுபடி மாறும். புதன்கிழமை வண்டிக் கரண்ட் வேலை பார்ப்பவரிடம் கொண்டுபோனேன், தெருவே அவரைப் பியூஸ் என்றுதான் கூப்பிடும். தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, செத்துப் போச்சு. இதத் தூக்கிப் போட்டுட்டு டிவி மாதிரி ஒண்ணு மாட்டிடலாம், கைய வச்சா பேசும்" என்றார். பேசுகிற ஸ்டீரியோ எனக்கு எதற்கு, வீட்டில் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். பிறகு காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாக வருகிறது, சக்கரம் மட்டும் தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது. நாற்பது வருஷமாகத் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? மோட்டார் மேல் தப்பில்லை, உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கிறது, கழற்றுங்கள் என்றேன். "இதுல ஏதுக்கா பெல்ட்" என்று சிரித்தார். கழற்றினார். ரப்பர் பெல்ட் ஒன்று, பழைய பாவாடை எலாஸ்டிக் மாதிரித் தொளதொளவென்று வெளியே வந்தது. அதற்கப்புறம் பியூஸ் சிரிக்கவில்லை. பழைய செட்டு ஏதாவது ஒன்றில் இந்த அளவு பெல்ட் இருக்கும், தேடி எடுக்க நாலு நாள் ஆகும், வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். வெள்ளிக்கிழமை மனதில் இல்லாமல் கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய்.

வெள்ளிக்கிழமை உன் தங்கை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்தாள். தலை நிமிரவே இல்லை. அவளாகவே பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, "அண்ணன் சொன்னான்னு தலையாட்டிட்டேம்மா, தப்புதான்" என்றாள். அவளை நீ திட்டக் கூடாது, இதையும் கடிதத்திலேயே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். நீ ஏற்பாடு செய்த ஆள் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சலூனில் விசாரித்திருக்கிறார். சலூன்காரர் நல்லவர், வழி சொல்லாமல் இருப்பாரா, முதலில் உட்காரவைத்து முடி வெட்டிவிட்டு அப்புறம் பியூஸ் கடைக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே போனால் முன் பலகை கழன்று கிடக்கிறது, ஸ்டீரியோ இருந்த இடத்தில் ஓட்டை, ஓட்டையிலிருந்து கலர் கலராக ஒயர் தொங்குகிறது. "ஓடற வண்டின்னுதானே சொன்னாங்க" என்றாராம் அவர். "ஓடும் சார், ஆனா உள்ள இதவிட மோசமா இருக்கு, பாக்கறீங்களா" என்றாராம் பியூஸ். வந்தவர் முடி வெட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதற்கப்புறம் நீ எனக்குப் பதினொரு தடவை போன் செய்தாய். நான் கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன், காது நன்றாகக் கேட்டது, எடுக்கவில்லை.

இப்போது கண்ணைப் பற்றிச் சொல்கிறேன், உனக்கு உண்மையான கவலை அதுதான் என்று எனக்குத் தெரியும். கேட் தூணில் வண்டியை உரசினேன், ஆமாம். எதிரே வந்த சைக்கிளைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன், அதையும் உன்னிடம் நானேதான் சொன்னேன். அப்போது கண்ணில் புரை இருந்தது, பனிமூட்டத்துக்குள் ஓட்டுவது போல இருந்தது, அந்த மூன்று மாதம் நான் ஓட்டியிருக்கக் கூடாது. அதில் நீ கோபப்பட்டது சரி, தப்பை ஒப்புக்கொள்கிறேன். புரை போய்விட்டது. டாக்டர் பலகையின் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னார், படித்தேன், அதற்குக் கீழே அச்சடித்த கம்பெனி பெயரையும் சேர்த்துப் படித்தேன், போதும்மா என்று அவரே நிறுத்தினார். ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அதன் நகலும் உள்ளே இருக்கிறது. இருட்டினால் வண்டியைத் தொடுவதில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுவது, எந்த வருஷம் அவர் போதும் என்கிறாரோ அந்த வருஷம் சாவியை நானே கழற்றி வைப்பது, இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சாவியை நான்தான் வைக்க வேண்டும், நான் மயங்கிக் கிடக்கிற நேரத்தில் வேறு யாரும் எடுக்கக் கூடாது. என்னிடம் நேராக வந்து "அம்மா, பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். சொல்லத் துணியவில்லை நீ, ஆள் வைத்துத் தூக்கத்தான் துணிந்தாய்.

பாட்டு வந்த கதையைச் சொல்லி முடிக்கவில்லை. பியூஸ் பெல்ட்டைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டார், அப்படியும் டக் டக் நிற்கவில்லை. இந்தத் தடவை நான் அந்தக் கேசட்டையே பிரித்துப் பார்த்தேன், புதுக் கண்ணுக்கு ஒரு வேலை வேண்டாமா. ஒரு சக்கரம் சுற்றுகிறது, இன்னொன்று சும்மா நிற்கிறது. நிற்கிற சக்கரத்தைப் பார்த்து, நாடா தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்டீரியோ பக்கத்தை மாற்றுகிறது, பாவம் அது என்ன செய்யும். தையல் டப்பாவிலிருந்து குழந்தைச் சட்டைக் கைக்கு வைக்கிற மெல்லிய எலாஸ்டிக் நூலை எடுத்து, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சு வெளியே தெரியாமல் தைத்து மூடினேன். தள்ளினேன். டக் இல்லை. முதலில் எதைப் போட்டேன் தெரியுமா, சின்னக்குட்டி குளியலறையில் கத்திக் கத்திப் பாடியதை மருமகள் அனுப்பியிருந்தாளே, அதை. வண்டி முழுக்க என் பேத்தி குரல். அப்போது அழுதேன், அதை நீ கணக்கில் சேர்க்காதே. மறுநாளிலிருந்து குத்துப் பாட்டுதான், கண்ணாடியை இறக்கிவிட்டுச் சலூன் முன்னால் கொஞ்சம் மெதுவாகப் போகிறேன். பியூஸ் தன் கடைக்கு வருகிற பழைய வண்டிக்காரர்களிடம் எலாஸ்டிக் வேண்டுமென்றால் அக்காவைக் கேளுங்கள் என்று என் வீட்டைக் காட்டுகிறார்.

இப்போது அந்தப் படிவத்தை எடு. வண்டியை உன் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றுகிற காகிதம் அது. நீ கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்திலும் துணி வெட்டக் குறி போடுவது போலச் சாக்குக்கட்டியால் குறி போட்டிருக்கிறேன், ஊதிவிட்டால் போய்விடும். அன்று நீ காட்டிய இடத்தில் நான் போட்டேன், இன்று நான் காட்டுகிற இடத்தில் நீ போடு. மாட்டேன் என்று தோன்றும், மருமகளிடம் போய் அம்மாவுக்குப் பிடிவாதம் என்பாய், படிவத்தை மேசை டிராயரில் போட்டு மூடுவாய். பரவாயில்லை. ரெண்டு நாள் கோபமாக இருப்பாய், அப்புறம் சரியாகிவிடுவாய்.

நீயும் மருமகளும் சின்னக்குட்டியும் நோய் நொடி இல்லாமல் நிறைய வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உனக்கு என் கோபமும் உண்டு, ஆசியும் உண்டு, இரண்டுமே முழுசாக உண்டு. குளிர் அதிகம் என்று மருமகள் சொன்னாள், காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, லீவுக்கு வரும்போது விமானம் பகலில் வந்து இறங்குகிற டிக்கெட்டாகப் பார்த்து எடு, இருட்டிய பிறகு நான் ஓட்டுவதில்லை. விமான நிலைய வாசலில் நானே வண்டியோடு வந்து நிற்பேன். என் வண்டியில் ஏறப் பயமாக இருந்தால் நீ டாக்சியில் வா, சின்னக்குட்டியும் பெட்டிகளும் என்னோடு வரட்டும்.

இப்படிக்கு,
அழாத உன் அம்மா