ஆக்ஸிலேட்டரைச் சீராக விடவும்

ஜூன் 9, 2025, திங்கள்

ரத்த அழுத்தம் 150/90. தண்ணீர் லாரி வரவில்லை.

மாடியில் குடியிருக்கும் பென்னி, ஆறு பக்க ஆங்கிலக் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடம் ஒன்றில் பைக் ஓட்டப் பயிற்சி தருகிறார். “இங்கிலீஷ் வராதவங்க நெறைய பேர் சேர்றாங்க அங்கிள். தமிழ்ல போட்டுக் குடுங்க. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.”

அரசு மொழிபெயர்ப்புப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

ஜூன் 11

எழுதுமுன் பென்னியிடம் கேட்டுப் புரிந்துகொண்டேன். நேர்ச்சாலையில் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். வண்டி வளைவில் சாயச் சாய பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். வளைவின் நடுவிலிருந்து ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சாய்ந்திருக்கும்போது சட்டென்று மூடிவிட்டால் எடை முழுவதும் முன்சக்கரத்துக்குப் போய், அது வழுக்கிவிடும். “பயந்தா கை தானா மூடும் அங்கிள். அத ஜெயிக்கறதுதான் மொத்தப் பாடமும்.”

பயந்தவன் கை எப்படி மூடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் 12

ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். ஆக்ஸிலேட்டரை என்ன செய்வது? தெருவில் எல்லோரும் ‘குடு’ என்கிறார்கள். கொடுக்கவும் என்று எழுதினால், யாருக்குக் கொடுப்பது? ‘திருகவும்’ முரட்டுத்தனம். ‘திறக்கவும்’ குழாய்க்கு.

பாலாம்பாள் அடுக்களையிலிருந்து, “தோசை வார்த்துட்டேன், சுத்தி எண்ணெய் விடுங்கோ, நான் போனை எடுக்கணும்” என்றாள். விட்டேன். நூல் போல, சீராக. அப்போதுதான் தோன்றியது. விடு!

4. வண்டி சாயும்போது பிரேக்கை மெல்ல விடவும்.
5. வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சீராக விடவும்.

இரண்டு வரியும் ஒரே ஓசையில் முடிகின்றன. திருப்தியாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

தாளை வாங்க டேனியல் என்பவர் வந்தார். பம்மலில் லேத் பட்டறையில் வேலை. வயது முப்பது இருக்கும். அடுத்த மாதம் புதியவர்களுக்கான பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம். வாசலில் நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தார். “சூப்பரா கீது சார். ஸ்கூல் புக்கு மாரி கீது.”

நாள் முழுவதும் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன். இந்த வயதில் இது தேவையா?

ஜூன் 22, ஞாயிறு

மாலை பென்னி வந்தார், முகம் சரியில்லை. டேனியல் விழுந்துவிட்டார். வலப்பக்க வளைவு. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு.

“நடு வளைவுல கைய மூடிட்டான் அங்கிள். ரோட்டுல அவ்ளோ நல்லா ஓட்டறவன். ஏன் மூடினான்னே தெரியல.”

ஜூன் 23

தோசை வேண்டாம் என்றேன்.

ஜூன் 25

குரோம்பேட்டையில் மருத்துவமனை. ஹார்லிக்ஸ் வாங்கிப் போனேன். கையில் தகடு வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் டேனியல் எழுந்திருக்கப் பார்த்தார்.

“உங்க பேப்பர மனப்பாடமே பண்ட்டேன் சார். ஹெல்மெட்டுக்குள்ள சொல்லிகினேதான் போனேன். ‘பிரேக்கை மெல்ல விடவும்’ - வுட்டேன். ‘ஆக்ஸிலேட்டரைச் சீராக விடவும்’ - அதையும் கரெக்டா வுட்டேன். அப்பால எப்டி வுழுந்தேன்னுதான் தெர்ல.”

அவர் மனைவி சுஜி அவர் தலையில் தட்டினாள். “இந்தப் படிப்ப பத்தாங்கிளாஸ்ல படிச்சிருந்தா இந்நேரம் ஆபீஸரு நீ.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேனே!

சொல்லத்தான் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 26

நாலாவது வரியில் விடு என்றால் தளர்த்து. ஐந்தாவது வரியில் விடு என்றால் வார். ஒருவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? எப்படிடா கண்டுபிடிப்பான்? நாலில் கையைத் தளர்த்தியவன் ஐந்திலும் தளர்த்தினான். பாடம் படித்தவன் செய்ய வேண்டியதைத்தான் செய்தான்.

‘குடு’ என்று எழுதியிருந்தால் பம்மலில் ஒரு குழந்தைக்கும் புரிந்திருக்கும். எனக்கு அது எழுத்துத் தமிழாகப் படவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 6, ஞாயிறு

தாளைத் திருத்தி எழுதினேன். 5. வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சீராகக் கொடுக்கவும். யாருக்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

“ஏன் அங்கிள் மாத்துனீங்க?” என்றார் பென்னி.

“நடை சரியில்லை” என்றேன்.

பழைய பிரதிகளைத் திரும்பக் கேட்டேன். பதினொன்று வந்தன. டேனியலிடம் இருப்பது வரவில்லை.

ஜூலை 20

இன்று அந்தப் பந்தயம். பென்னி விடிவதற்குள் கிளம்பிவிட்டார். பாலாம்பாள் திருநீர்மலைக்குக் கூப்பிட்டாள். முழங்கால் வலி என்றேன். வலி இல்லை.

ஆகஸ்ட் 3

டேனியலுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்களாம். விரல்கள் மடங்குகின்றன. மணிக்கட்டு திரும்பவில்லை. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதாகப் பென்னி சொன்னார். பட்டறையில் இப்போது கணக்கு எழுத வைத்திருக்கிறார்கள், இடது கையால்.

பழைய தாளையும் பென்னி கொடுத்த புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறாராம். “எதுக்குனு கேட்டா சும்மான்றான் அங்கிள்.”

ஆகஸ்ட் 10

சொல்லிவிடுவது என்று சட்டை மாட்டிக்கொண்டு பம்மல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பட்டறை வாசலில் இறங்கவில்லை. அதே ஆட்டோவில் திரும்பினேன். டிரைவர், “இன்னா சார், தூங்கிட்டியா?” என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டேனியல் தானே வந்தார். பஸ்ஸில். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார்.

“வண்டிய வித்துடலாம்னு கீறேன் சார். ஒரு விளம்பரம் எழுதிக் குடுங்க. பட்டறையில ஒட்டணும்.”

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை இடது கையால் எடுத்தார். “பின்னாடி காலியாத்தான் கீது. இதுலயே எழுதுங்க.” புதிய தாள். ஐந்தாவது வரியில் ‘கொடுக்கவும்’ என்பதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். கோணலாக, இரண்டு முறை போட்ட வட்டம்.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். ‘பைக் விற்பனைக்கு. ஒருவரே ஓட்டியது. வலப்பக்கம் கீறல் உண்டு. நேரில் பார்க்கலாம்.’

வாங்கிச் சத்தமாக வாசித்தார். பிறகு இன்னொரு முறை, ஒவ்வொரு சொல்லாக.

“இதுக்கு வேற அர்த்தம் எதுவும் வராதில்ல சார்?”

“வராது” என்றேன்.