மிதியிலிருந்து காலை எடுக்கச் சொன்னவருக்கு

பிரியமான ராசு அண்ணனுக்கு,

பாயான் பாரு வட்டாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாலாவை நேற்று மறுபடியும் சிகிச்சை மேசையில் படுக்க வைத்தோம். இதை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் கண்மூடி ஐந்து மாதமாகிறது. வேறு யாரிடம் சொல்வது?

போன வருஷம் நடந்ததை நான் எவரிடமும் விரிவாகப் பேசியதில்லை. பிறவியிலேயே அவள் இதயத்தில் மின்துடிப்பு போக ஒரு வழி கூடுதல். அதனால்தான் திடீர் படபடப்பு, மயக்கம். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த வழியைச் சுட்டுவிட்டால் குணமாகும். ஆனால் அது துடிப்பு இயல்பாகப் போகும் நல்ல வழியை ஒட்டியே கிடந்தது. கொஞ்சம் பிசகினால், இருபத்திரண்டு வயதில் ஆயுளுக்கும் பேஸ்மேக்கர்.

குழாய் நுனிக்குச் சூடு அனுப்பும் மிதியை நான் காலால் அழுத்தினேன். கூடுதல் வழியின் அடையாளம் திரையிலிருந்து மறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதைக் கவனிக்கவில்லை. பதிவுக் கருவியின் முன் உட்கார்ந்திருந்த நீங்கள் கவனித்தீர்கள்.

"நிறுத்துங்க டாக்டர்!"

"இன்னும் அஞ்சு செகண்ட், அண்ணே."

"அஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலை எடுங்க!"

எடுத்தேன். நல்ல வழி சில நொடி அடைபட்டு, பிறகு மீண்டது.

அரை மயக்கத்தில் மாலா கேட்டாள்: "என்ன அண்ணே, டாக்டரையே ஏசுறீங்க?"

"டாக்டரை இல்லலா, அவங்க காலை ஏசினேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெக்னீஷியன் என்னை அதட்டுவதா என்று இரண்டு நாள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பதிவுத் தாளை விரித்துப் பார்த்தேன். நீங்கள் கத்துவதற்குச் சற்று முன்னாலேயே துடிப்பு தடம் மாறியிருந்தது. அதை ஏன் உங்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த அவள் அம்மா, சாமிதான் காப்பாற்றியது என்றார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உங்கள் கண்மீது இருந்தது.

அன்று பாதியில் விட்ட கூடுதல் வழி மறுபடி உயிர்பெற்றிருந்தது. நேற்று குழாயைச் சற்றுத் தள்ளி வைத்து, குறைந்த சூட்டில் தொடங்கினோம். கூடுதல் வழி போயிற்று, நல்ல வழி பத்திரமாக இருக்கிறது. உங்கள் நாற்காலியில் இப்போது நோரா என்ற பெண். முழு நேரமும் அவள் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வெளியே வந்ததும், சந்தேகம் வந்தால் என்னை ஏசு என்றேன்.

"மானா போலே, டாக்டர்?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள். எப்படி முடியுமாம்! அப்படி ஏச முடிந்த ஒருவரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன்.

அண்ணே, இனி அந்த நாற்காலியிலிருந்து யார் சொன்னாலும் முதலில் காலை எடுப்பேன். கோபம் வந்தால் அப்புறம் பட்டுக்கொள்கிறேன்.

கடைசிவரை உங்களுக்கு நன்றி சொல்லாத தங்கை,
சிவகாமி