கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரம்

திருத்தணி,
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிரியங்காவுக்கு நைனா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தம்பி கதிரவனும் நலமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கனடாவுக்குப் போகாமல் கொழும்பில் உன் ஆபீஸுக்கே வந்திருப்பதைப் பார்த்ததும் உனக்கு விஷயம் புரிந்திருக்கும்.

அம்மாவுக்கு நெஞ்சில் போட்ட தையல் ஆறிவிட்டது, தெருமுனை வரை நடக்கிறாள், உப்பு குறைத்துக்கொள் என்றால்தான் கேட்பதில்லை. போன வாரம் அவளைப் பார்க்க அம்மையார்குப்பம் துளசிங்கம் மாமா வந்திருந்தார். கொழும்புக் கடைகளுக்குப் புடவை கொடுக்கப் போன இடத்தில் உன்னைப் பார்த்தாராம். ஒரு வருஷமாக உனக்கு அங்கேதான் வேலையாம். ஊர்ல சொல்லிடாதீங்க மாமா, பக்கத்துல இருக்கேன்னு தெரிஞ்சா மாசா மாசம் வரச் சொல்லுவாங்க என்றாயாம். அம்மா இளைத்துப் போயிருப்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை, பொண்ணு இவ்ளோ கிட்ட இருந்துகினு ஒரு நடை வரலியா பாவா என்று என்னிடம் கேட்டுவிட்டார். இந்த விலாசத்தையும் அவரிடம்தான் வாங்கினேன்.

கதிரவன் செல்போனில் பார்த்தான். கொழும்பிலிருந்து சென்னைக்கு எழுநூறு கிலோமீட்டர்கூட இல்லையாம், விமானம் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுமாம். நான் இங்கிருந்து காரில் மீனம்பாக்கம் போக அதைவிட நேரமாகும். ஆபரேஷனுக்கு முதல் நாள் நீ என்ன சொன்னாய்? டொரண்டோல இருந்து பிளேன் மாறி மாறி வர ஒரு நாளுக்கு மேல ஆவும் நைனா, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும் என்றாய். நான் அதை நம்பி, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவளிடம் போய், அவ்வளவு தூரத்திலிருந்து குழந்தை எப்படி வருவாள் என்று சமாதானம் சொன்னேன். அவளும் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தச் சென்னை ஆஸ்பத்திரி ஜன்னலில் விமானங்கள் இறங்குவது தெரியும். அவள் வெளியே வரும்வரை நான் அங்கேதான் நின்றிருந்தேன். அதில் ஒன்றாவது கொழும்பிலிருந்து வந்திருக்கும் அல்லவா. குளிருக்கென்று அவள் டொரண்டோவுக்கு அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறேன் என்று வேறு சொன்னாய், அதை யார் வாங்கி வைத்துக்கொண்டார்களோ. மாசா மாசம் வா என்று நாங்கள் உன்னை எப்போதம்மா கேட்டோம்? நீ எங்கே இருக்கிறாய் என்பதுகூட எங்களுக்குத் தெரியக்கூடாத அளவுக்கு என்ன செய்துவிட்டோம்?

துளசிங்கம் பேசியது அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டு, இங்க இப்பத்தான் விடியுது என்றாயே, அப்போது அவள், பனி பெய்துகினு இருக்குதா கண்ணு என்று கேட்டாள். ஆங், நேத்துல இருந்து கொட்டுதும்மா என்றாய். சரி, வேளைக்குச் சாப்பிடு என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். பேசி வைத்த பிறகு என்னிடம், துளசிங்கம் அண்ணன் சொன்னது எல்லாம் என் காதுல விழுந்துச்சுங்க, அவளே உண்மையைச் சொல்லட்டும்னுதான் கேட்டேன் என்றாள்.

முருகன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும். அடுத்த முறை கூப்பிட்டால் என்னிடம் பேச வேண்டாம், நீ எங்கே இருக்கிறாய் என்று முதலில் அம்மாவிடம் சொல்.

என்றும் உன் நைனா,
பரந்தாமன்